லோக்கல் போர்டுக்கு நின்றவர்

என் கணவர் எங்கள் வட்டாரத்தைக் கவனிக்கும் லோக்கல் போர்டு தேர்தலில் நிற்கப்போவதாகச் சொன்னபோது, நமக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்றுதான் கேட்டேன். சொன்னால் கேட்கிற ஆளா அவர்? கடல் கடந்து வந்து குடியேறிய இந்த லின்ஃபீல்டில் எங்கள் தெருமுனை பஸ் ஸ்டாப்புக்குக் கூரை கிடையாது. வருஷக்கணக்காக மழையில் நனைந்தே வேலைக்குப் போய்வந்த மனிதர், போர்டில் ஓர் இடம் கிடைத்தால் அந்தக் கூரையைப் போட்டுவிடலாம் என்று நம்பினார். எதற்கும் அவர் இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டு நானும் வீடு வீடாக நடந்தேன்.

இங்கே ஓட்டுச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வரும். டிக் போட்டுத் தபாலில் சேர்க்கலாம், இல்லையென்றால் சூப்பர்மார்க்கெட் வாசலில் இருக்கும் பெட்டியில் போடலாம். இதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் தொண்டை வற்றிப்போனது.

கொஞ்ச ஓட்டில் தோற்றார். அந்தக் கொஞ்சம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. சிரிக்கச் சிரிக்கப் பேசி டீ கொடுத்தவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்று திட்டித் தீர்த்தேன். அவர் முகம் தொங்கிக் கிடந்தது.

அடுத்த வாரம் இரண்டு தெரு தள்ளி இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா வடையோடு வந்தார். எங்களுக்காக ஊரெல்லாம் ஓட்டுக் கேட்டவர். உட்காரக்கூட இல்லை, கண் கலங்கி நின்றார். ஓட்டுக் கவர் வந்த நாளிலிருந்து அதைச் சாமியறையில் வைத்துப் பூப்போட்டுக் கும்பிட்டாராம். கடைசி நாள் சனிக்கிழமை. அன்று கோயிலில் என் கணவர் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, அப்படியே போய்ப் பெட்டியில் போடுவதாக ஏற்பாடு.

"பகல் பூசை முடிய ஓடினம், தம்பி. பன்னிரண்டு மணியோட பெட்டியை எடுத்துக்கொண்டு போயிட்டாங்கள்."

எனக்குச் சுரீரென்று கோபம் ஏறியது. என் கணவர் ஒரு வடையைக் கடித்துக்கொண்டே அக்காவைத் தேற்றினார்.

"ஒரு ஓட்டுதானேக்கா. அதனாலயா தோத்தேன்? விடுங்க."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒண்டில்லைத் தம்பி. எங்கட ஆக்கள் எல்லாரையும் கவரோட கோயிலுக்கு வரச்சொன்னது நான்தான். வேன் பிடிச்செல்லோ போனனாங்கள்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு வேன் நிறைய ஆட்கள் அர்ச்சனை செய்தே என்னைத் தோற்கடித்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் வடை புரையேறியது. அக்கா பதறித் தண்ணீர் எடுக்க ஓடினார். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அவர் தலையில் தட்டிக்கொண்டே நானும் சிரித்தேன்.