நஞ்சைப் படித்த எங்கள் அண்ணன்

அண்ணனின் முதலாண்டு நினைவுநாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை வணக்கத்துடன் எழுதுவது. அவரைப் புகழ்ந்து பேச இன்று பலர் இருக்கிறீர்கள். அவர் எப்படி வாழ்ந்தார், எப்படி இறந்தார் என்பதை மட்டும் நான் எழுதுகிறேன்.

அண்ணன் சூளகிரிக்குப் பக்கத்தில் எங்கள் சொந்த ஊரில் பிறந்தார். அப்பா இளவயதிலேயே காலமாகிவிட்டதால், நிலத்தோடு சேர்த்து எங்களையும் பெரியப்பா பார்த்துக்கொண்டார். அண்ணனைச் சென்னைக்கு அனுப்பி மருத்துவம் படிக்க வைத்தவரும் அவர்தான். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

அம்மாவுக்குத் தோலில் அரிப்பு நோய் இருந்தது. ஊர் ஊராக வரும் வைத்தியர் ஒருவர் வெள்ளைப் பொடி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். தினமும் காலையில் அதைத் தேனில் குழைத்து அம்மாவின் நாக்கில் தடவியவர் அண்ணன். அம்மாவின் உள்ளங்கைகள் தடித்து வெடித்தன, உடம்பெல்லாம் கரும்புள்ளிகள் விழுந்தன, தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. நோய் வெளியேறுகிறது என்றார்கள். அம்மா இறந்துபோனார்.

கல்லூரியில் நஞ்சுகளைப் பற்றிய வகுப்பில் வெள்ளைப் பாஷாணத்தின் அறிகுறிகளை ஆசிரியர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தபோது, அண்ணன் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டாராம். அந்த விடுமுறைக்கு வந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அம்மா நோவுல சாகல. மருந்துல செத்தாங்க. நாந்தான் ஊட்டினேன்” என்றார். பிறகு நஞ்சு ஒன்றையே படித்தார். எந்த நஞ்சு நரம்பைப் பிடிக்கும், எது ஈரலை அரிக்கும், எது தோல் வழியாகவே உள்ளே போகும் என்பதுதான் எந்நேரமும் அவர் பேச்சு. சென்னையில் அவருக்கு நல்ல வேலை காத்திருந்தது. அதை விட்டுவிட்டுச் சூளகிரியில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து மருத்துவம் பார்க்க உட்கார்ந்தார்.

அப்போதுதான் பெங்களூரிலிருந்து புதிய பூச்சிமருந்துகள் தகரடப்பாக்களில் வரத் தொடங்கியிருந்தன. அதை மருந்து என்று சொல்வதே அண்ணனுக்குப் பிடிக்காது. விஷம் என்றே சொல்வார்.

மழை பொய்த்த ஓர் ஆண்டில், நிலக்கடலை விதைக்க வந்த பெண்கள் பசிக்கு விதையில் ஒரு பிடி எடுத்துத் தின்றார்கள். பெரியப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. மறுநாள் விதையில் அந்த விஷத்தைக் கலந்தார். கலந்ததை யாரிடமும் சொல்லவில்லை. பொழுது சாய்வதற்குள் மூன்று பெண்கள் வரப்பில் விழுந்தார்கள். வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, கைகால்களில் துடிப்பு. வாந்திபேதி என்று சொல்லிப் பெரியப்பா அவர்களை மரத்தடியில் கிடத்தச் சொன்னார்.

செய்தி கேட்டு அண்ணன் ஓடினார். அவர்களுடைய கண்ணின் பாவை கடுகளவு சுருங்கியிருந்ததைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த ஊசிமருந்தைப் போட்டுவிட்டு, கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோக வண்டி கேட்டார். மாடுகள் களைத்திருப்பதாகப் பெரியப்பா சொன்னார். வேறு வண்டி தேடிப் பிடிப்பதற்குள் மாரக்கா என்பவர் இறந்துவிட்டார். மற்ற இருவரும் பிழைத்தார்கள்.

விசாரணைக்கு அதிகாரிகள் வந்தார்கள். அண்ணன் எல்லோர் முன்னிலையிலும், “எங்க பெரியப்பாதான் விதையில விஷம் கலந்தாரு. அவங்க தின்னுவாங்கன்னு தெரிஞ்சேதான் கலந்தாரு” என்றார்.

பெரியப்பா குரலை உயர்த்தவில்லை. “டாக்டருக்குப் படிக்க வெச்சது, என்னையே காட்டிக் குடுக்கத்தானாடா?” என்று மட்டும் கேட்டார்.

பிறகு மாரக்காவின் கணவன் திம்மனைக் கூப்பிட்டார்கள். அவர் குடிசை இருந்ததும் பெரியப்பா நிலத்தில்தான். தலையைக் குனிந்துகொண்டு, “ஒண்ணும் கலக்கலீங்க. அவளுக்கு ரெண்டு நாளா பேதிங்க” என்றார். அத்தோடு விசாரணை முடிந்தது. திம்மன்மேல் அண்ணனுக்குக் கோபமே வரவில்லை.

அதன்பிறகு என்ன நடந்தது என்பது இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். அண்ணனுக்குப் பேசிவைத்திருந்த பெண்ணை வேறிடத்தில் கொடுத்தீர்கள். வீட்டு விசேஷங்களுக்கு அவரை அழைக்கவில்லை. அவரிடம் வைத்தியத்துக்குப் போன கூலியாட்களுக்கு வேலை இல்லை என்றார் பெரியப்பா. திண்டாடிப்போய் அவர்களும் வருவதை நிறுத்தினார்கள். அண்ணன் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போனார். தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அந்த விஷத்தைப் பற்றி எடுத்துச் சொன்னார். காலி டப்பாவில் தண்ணீர் பிடிக்காதீர்கள், வெறுங்கையால் கலக்காதீர்கள் என்று கெஞ்சினார். விஷ டாக்டர் என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். ஒருமுறை அவர்மேல் சாணியை அடித்தார்கள். சட்டையைக் கழுவிக்கொண்டு அடுத்த வாரமும் போனார்.

கடைசியாக அஞ்செட்டிப் பக்கத்து மலைக்கிராமத்திலிருந்து ஆள் வந்தது. தோளில் சுமந்து போன விஷ டப்பா ஒழுகி, ஒருவர் உடம்பு முழுவதும் நனைந்துவிட்டது. அண்ணன் போய்ச் சேர்ந்தபோது அவர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். தொட யாருக்கும் தைரியம் இல்லை. அண்ணனே நனைந்த துணிகளைக் கழற்றி, கிணற்றடியில் அவரைக் கழுவி, பஸ் வரும் பாதைவரை தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். கொண்டுபோன ஊசிமருந்து முழுவதையும் அவருக்கே போட்டார். பாதிவழியில் அவர் உயிர் போனது. பஸ்ஸில் ஏறும்போதே, தோல் வழியாக ஏறிய விஷத்தில் அண்ணனுக்கும் கண் மங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் தன் உடம்பில் அடுத்து என்னென்ன நடக்கும் என்று வரிசையாகச் சொல்லிவந்தாராம். ஒன்றும் தப்பவில்லை. ஓசூரில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மூச்சு நின்றிருந்தது.

அண்ணன் உடம்பை வழியில் இறக்கிவிடாமல் கொண்டுவந்து சேர்த்த பஸ் டிரைவருக்கும், பங்காளிகள் யாரும் முன்வராததால் கொள்ளி வைத்த என் கணவருக்கும், பாடை தூக்கிய எங்கள் தெருக்காரர்களுக்கும் என் நன்றி. அன்று பிழைத்த இரண்டு பெண்களும் ஓசூர்வரை நடந்தே வந்து, தெருமுனையில் நின்று அழுதார்கள். அவர்களுக்கும் நன்றி.

பெரியப்பாவுக்கும் ஒரு மலர் அனுப்பியிருக்கிறேன். இந்த ஆடியிலும் விதைக்கடலையில் அந்த விஷத்தைக் கலந்துதான் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். விதைக்கப் போனவர்களில் அந்த இரண்டு பெண்களும் இருந்தார்கள்.