ரப்பர் இலை உதிர்ந்தால் தெரியும் அருவி

குளிர்காலத்தில் எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நுவரெலியா என்றுதான் பதில் வருகிறது. அங்கே ஒரு இரவு அறைக்குக் கொடுக்கிற காசில் நானும் என் அண்ணியும் பத்துத் தடவை வெளியே போய் வந்துவிடுவோம். எங்கள் தெஹியோவிட்டப் பக்கத்துக்கும் குளிர்காலம் உண்டு. நுவரெலியாக்காரர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். பொங்கல் முடிந்த கையோடு ரப்பர் மரங்களின் இலை சிவந்து, கொட்டி, மரங்கள் மொட்டையாகிவிடும். விடிகாலையில் ஸ்வெட்டர் போடாமல் பைப்படிக்குப் போக முடியாது. வருடம் முழுக்க இருண்டு கிடக்கும் தோட்டத்துக்குள் அப்போதுதான் வெயில் இறங்கும். அதுவரை மரங்கள் மறைத்து வைத்திருந்ததெல்லாம் தெரிய ஆரம்பிக்கும்.

அப்படித் தெரிகிறவற்றில் ஒன்று, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலையில் விழும் ஒரு அருவி. என் அண்ணி புஷ்பம் ரப்பர் பால் வெட்டுகிற மேட்டில் நின்றால் வெள்ளை நூல் மாதிரி தெரியும். பங்குனியில் தளிர் விட்டதும் மறைந்துவிடும். கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு தையிலும் "அங்க ஒருக்கா போவணும்" என்பார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் துணி துவைக்க இருக்கும், விறகு பொறுக்க இருக்கும், யார் வீட்டிலாவது சடங்கு இருக்கும். அருவிதானே, அடுத்த வருடமும் இருக்கும் என்று விட்டுவிடுவோம்.

இந்த வருடம் அப்படி விட முடியவில்லை. அண்ணியின் முழங்கால் தேய்ந்துவிட்டது, மேடு ஏறுவதை நிறுத்துங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சித்திரைக்குப் பிறகு அவருக்கு ரோட்டோரத்து மட்ட நிலத்தில்தான் வேலை. அங்கிருந்து பார்த்தால் அருவி தெரியாது. "தளிர் விடுறதுக்குள்ள போயிருவோம் கலா. இல்லாட்டி நான் இந்த ஜென்மத்துல போவ மாட்டேன்" என்றார். மருந்துக்கடை வேலையில் எனக்கு லீவு கிடைத்த அடுத்த ஞாயிறே கிளம்பிவிட்டோம்.

தேங்காய் ரொட்டி, மிளகாய் இடித்த கட்டைச் சம்பல், ஃப்ளாஸ்க்கில் பிளேன் டீ. இவ்வளவுதான் மூட்டை. காலை ஏழேகாலுக்குத் தெரணியகலை பஸ். ஆளுக்கு எழுபது ரூபாய் கொடுத்து, நடுவழியில் பாலத்தடியில் இறங்கினோம். அங்கிருந்து அருவிக்கு மூன்று கிலோமீட்டர், பாதிக்கு மேல் ஏற்றம். பாலத்தடியில் நின்ற த்ரீவீல்காரர் அண்ணி நொண்டுவதைக் கண்டுவிட்டார். "பயின் யன்ன பே நங்கி" என்றார் சிங்களத்தில். நடந்து போக முடியாதாம். கடைசி வீடு வரை எண்ணூறு ரூபாய்க்குக் கொண்டுபோய் விடுகிறாராம்.

எனக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தார். "புளுவன் அய்யே" என்று ஒரே வார்த்தை. முடியும் என்று சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். பின்னால் ஓடினது நான்தான்.

கடைசி வீட்டைத் தாண்டியதும் வேறொரு தோட்டத்தின் ரப்பர் மேடு ஆரம்பிக்கிறது. அட்டைக்குப் பயந்து ஒரு கல்லில் உட்கார்ந்து காலில் சவுக்கார சோப்பைத் தேய்த்துக்கொண்டோம். யாரிடமாவது வழி கேட்போம் என்றேன். அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. "ரப்பர் தோட்டத்துக்குள்ள எனக்கு வழி கேக்கணுமா? நல்லா மிதிச்சு வச்சிருக்காங்க பாரு பாத!"

பாதை நன்றாகத்தான் இருந்தது, ஒரு புல் கூட இல்லை. அண்ணி முன்னால், நான் பின்னால். மரத்துக்கு மரம் வளைந்து வளைந்து போனது. அருவிச் சத்தம் கிட்டே வந்தது. பிறகு தள்ளிப் போனது. முக்கால் மணி நேரம் மூச்சு வாங்க நடந்து ஒரு கல்லடிக்கு வந்தோம். கல்லின் மேல் நாங்கள் மறந்துவிட்டுப் போன சவுக்காரத் துண்டு அப்படியே இருந்தது.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். "பால் வெட்டுறவங்க தடம் கலா இது! காலையில வெட்டிக்கிட்டே போயி, தொடங்குன எடத்துக்கே வந்து, அதே வரிசையில திரும்பப் பால் எடுக்கணும். அது எங்கயும் போவாது. சுத்தித்தான் வரும்." தினமும் அப்படியே நடந்து பழகிய கால், அந்நியத் தோட்டத்திலும் அதே மாதிரித் தடத்தைக் கண்டதும் தானாகப் போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் பாதியிலேயே சந்தேகப்பட்டிருப்பார்கள்.

நான் சிரித்துவிட்டேன். ஆனால் அவர் முழங்காலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது, நன்றாக வீங்கியிருந்தது. இருந்த தெம்பில் பாதியை அந்தச் சுற்று தின்றுவிட்டது. "திரும்பிருவோமா அண்ணி?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"சுத்துனது போதும். இனிமே நேரா" என்றார்.

ஒரு கம்பை ஒடித்து, கல்லைச் சுற்றிக் குவிந்து கிடந்த சருகைக் கிளற ஆரம்பித்தார். இந்த மாதம் ஊர்ப்பாதையை இலை மூடிவிடும், நித்தம் மிதிபடுகிறது வெட்டுக்காரர் தடம் மட்டும்தான் என்று அப்போதுதான் சொன்னார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! நானும் சேர்ந்து காலால் சருகைத் தள்ளினேன். நாலைந்து இடம் தேடின பிறகு கல் படி ஒன்று தெரிந்தது, அதற்கு மேலே இன்னொன்று. தள்ளித் தள்ளி ஏறினோம். கடைசியில் ஒரு செங்குத்தான பாறை. அதில் அண்ணி திரும்பி உட்கார்ந்து, கையை ஊன்றி, பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக மேலே போனார். நான் கீழிருந்து காலைத் தாங்கினேன். வலித்திருக்கும், ஆனாலும் நிற்கவில்லை.

பத்தரைக்கு அருவி. பெரிய அருவி இல்லை, மூன்று ஆள் உயரத்தில் இரண்டு அடுக்கு. தண்ணீர் பல்லைக் கிட்ட வைக்கிற குளிர். அண்ணி முழங்கால் வரை காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார், வீக்கத்துக்கு அதைவிட நல்ல மருந்து என் கடையில் கிடையாது. ரொட்டியைச் சம்பலோடு தின்று, ஆவி பறக்க டீ குடித்தோம். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிறகு திரும்பி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். எங்கள் தோட்டம் தெரிந்தது. மொட்டை மரங்களுக்கு நடுவே பால் ஸ்டோரின் தகரக் கூரை மினுங்கியது. அதற்கு மேலே உள்ளங்கை அளவு பழுப்பு நிறத்தில் ஒரு துண்டு நிலம்.

"அதுவா என் மேடு?"

"அதுதான் அண்ணி."

"இம்புட்டுத்தானா?" என்றார். "இத்தன வருஷம் இத்தனூண்டுலயா சுத்திக்கிட்டு இருந்தேன்?"

கையில் மிச்சமிருந்த டீ ஆறிப்போகும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போக நினைக்கிறவர்களுக்கு: தை பாதியிலிருந்து மாசி கடைசி வரை போங்கள். அந்த நாட்களில் மழை குறைவு, அட்டையும் குறைவு. மழை பெய்த மறுநாள் வேண்டாம், பாறை வழுக்கும். இரண்டு பேருக்கும் போக வர இருநூற்று எண்பது ரூபாய், அதற்கு மேல் ஒரு சதமும் செலவில்லை. இறங்குவதற்குக் கம்பு கட்டாயம். மூன்று மணிக்குள் பாலத்தடிக்கு வந்துவிடுங்கள், அதற்குப் பிறகு பஸ்ஸை நம்ப முடியாது. குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ரப்பர் தோட்டத்துக்குள் நுழைந்தால், நன்றாக மிதிபட்ட தடத்தை விட்டுவிட்டுச் சருகுக்கு அடியில் படியைத் தேடுங்கள். வெட்கப்படாமல் கடைசி வீட்டில் வழி கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

இதை எழுதும்போது மரங்கள் தளிர் விட்டுவிட்டன. நேற்று மத்தியானம் அண்ணியோடு மேட்டில் நின்றேன். அருவி இருந்த திசையில் பச்சை தவிர ஒன்றும் இல்லை. மறைந்துவிட்டதே என்று எனக்குத்தான் கவலை.

"மூடுனா மூடட்டும் புள்ள" என்றார் அண்ணி, பால் வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. "நான்தான் அங்க போயி இங்க பாத்துட்டேனே."