போக்கு ஜாஸ்தி என்று சொல்லியனுப்பினாள்

ஒரு சொல்லின் பாதியைக் கேட்டுவிட்டு ஆரணித் தெருக்களில் தலைதெறிக்க ஓடியவள் நான்.

மகள் அப்போது எட்டாவது படித்தாள். கோடை தொடங்கியிருந்தது. பின்தெருவில் வயிற்றுப்போக்கு பரவி, ஒரு குழந்தை இரண்டே நாளில் இறந்துபோயிருந்தது. நான் குடிதண்ணீரைக் காய்ச்சுவேன். சந்தேகம் வந்து திரும்பவும் காய்ச்சுவேன். அன்று பகல் பட்டுத் தறிக்காக ராட்டையில் ஊடை நூல் சுற்றிக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு அண்ணன் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றினார்.

"ஏம்மா, உன் பொண்ணு ஸ்கூல் வேலியாண்டருந்து கத்திச்சி. போக்கு ஜாஸ்தியா இருக்குதாம். தண்ணி தண்ணியா வருதாம். டானிக் ஊத்துற மூடிய ஜல்தி எடுத்துகினு வரணுமாம்."

"ஐயோ, முகம் எப்படிண்ணா இருந்தது?"

"நான் சைக்கிள்ல போய்கினு இருந்தேன். முகத்த எங்க பாக்கறது?"

ராட்டை அப்படியே கிடந்தது. சொம்புத் தண்ணீரில் உப்பையும் சர்க்கரையும் போட்டேன். அளவுக்கோடு போட்ட டானிக் மூடியை இடுப்பில் செருகினேன். செருப்புப் போட்ட நினைவில்லை. பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திவிட்டது.

மகள் பள்ளிக்கூடப் புங்கமரத்தடியில் துள்ளிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே, இலைகளோடு ஒரு கிளை பாலிதீன் கவருக்குள் கட்டப்பட்டிருந்தது. பட்டுப்புடவை வைக்கிற கவர். காலையில் நான் வீடெல்லாம் தேடியது. அதன் அடியில் நீர் தேங்கியிருந்தது.

"உனக்கு எத்தனை தடவை போச்சுடி?"

"எனக்கா? இலைக்கும்மா! நீராவிப்போக்கு!"

நானும் பத்தாவது படித்தவள்தான். அந்தப் பாடத்தை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இலையில கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க இருக்குதும்மா. வேர் இழுத்த தண்ணி அது வழியா ஆவியா போயிகினே இருக்கும். நேத்து நிழல்ல இருந்த கிளையில கட்டினேன், நாலு சொட்டுதான். இன்னிக்கு வெயில்ல பாரு!"

மண்ணுக்கடியில் இருந்த நீர் அத்தனை உயரம் ஏறி, சத்தமே இல்லாமல் வெளியே வந்திருந்தது. ஒரு கிளையிலேயே இவ்வளவென்றால்? நிமிர்ந்து பார்த்தேன். மரம் முழுக்க இலை. எல்லாம் இந்த நிமிடமும் நீரை விட்டுக்கொண்டிருக்கின்றன, ஒருவருக்கும் தெரியாமல்! எழுந்து கவரைத் தொட்டுப் பார்த்தேன். "அந்தப் பெரிய கிளையிலயும் கட்டலாமாடி?" என்று கேட்டது நானேதான்.

"மொதல்ல இத அளக்கலாம். அந்தச் சொம்புல என்ன?"

"உனக்குத்தான். உப்பு சர்க்கரைத் தண்ணி."

அவள் என்னை ஒரு நொடி உற்றுப் பார்த்தாள். பிறகு சொம்பை வாங்கி மீதியை மடமடவென்று குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, கவரைக் கிளையிலிருந்து அவிழ்த்து அதன் முனையை என் பக்கம் சாய்த்தாள்.

"மூடிய புடிம்மா. ஏன் கை இப்படி ஆடுது? சிந்திடப் போவுது."

ஆடாமல் பிடிக்க என்னால் முடியவில்லை. அவள் ஒரு கையால் என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, மறுகையால் ஊற்றினாள்.