காணவில்லை என்று ஒட்டப்பட்டவள்

பண்டார் தெங்காராவில் ஒரு பெண்ணைக் காணோம் என்றால், பேய் அடித்துவிட்டது என்று எவனாவது நினைப்பானா? எவனோடு ஓடினாள் என்றுதான் கேட்பான். இந்தச் சின்ன விஷயம் ரூபேந்திரனுக்கு உறைக்கவில்லை. பெரிய டைரக்டராம், மண்ணாங்கட்டி.

சாந்தினியும் அவனும் பாசிர் கூடாங்கில் ஒரே தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். செம்பனைத் தோட்டத்தில் தொலைந்துபோன ஒருத்தி, தன் கைப்பேசியில் தானே எடுத்த காட்சிகள். அதுதான் அவன் எடுக்கப்போகும் பேய்ப்படமாம். கெஞ்சினான். பாவம் என்று லீவு நாளில் போய் நடித்துக் கொடுத்தாள். கேமராவைப் பிடித்தது அவன் தங்கை ரூபினி.

எந்தத் தியேட்டரும் படத்தை வாங்கவில்லை. துண்டு துண்டாக வாட்ஸ்அப்பில் விட்டான். நிஜமென்று நம்பட்டும் என்று தலைப்பே வைக்கவில்லை. போதாததற்குச் சாந்தினியின் முகத்தைப் போட்டு, ‘காணவில்லை’ என்று பஸ் நிறுத்தமெல்லாம் நோட்டீஸ் ஒட்டினான். அவளை ஒரு வார்த்தை கேட்டானா? இல்லை.

ஊர் பயப்படவில்லை, சிரித்தது. தினமும் வேலைக்குப் போய் வருகிறவளைப் பார்த்து, ஓடினவள் திரும்பிவிட்டாள் என்றது. அது படம் என்று அவள் சொன்னால், பேர் இல்லாத படம் எந்த ஊரில் ஓடுகிறது என்று நக்கலடித்தார்கள். தொழிற்சாலை பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி எழுந்து போனாள். சாந்தினிக்கு நிச்சயம் செய்த லோகேஸ்வரன் வீட்டில் மோதிரத்தைத் திருப்பிக் கேட்கப் போகிறார்கள் என்று பேச்சு.

சாந்தினி ரூபேந்திரனைப் பிடித்து உலுக்கினாள். முழுப் படத்தையும் ஊர்ப் பொது மண்டபமான பாலாய் ராயாவில் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றான்.

ஞாயிறு மதியம் மண்டபம் நிறைந்தது. படம் தொடங்குமுன் சாந்தினி முன்னால் போய் நின்று, இது வெறும் நடிப்பு, தான் எவனோடும் ஓடவில்லை என்றாள். லோகேஸ்வரனின் அம்மா யோகேஸ்வரி எழுந்தாள்.

“அப்போ தோட்டத்துக்குள்ள இவன்கூடத் தனியா போயிருக்க?”

ரூபினி சிங்கப்பூரில் வேலையில் இருந்தாள். மிச்சமிருந்த ஒரே சாட்சி ரூபேந்திரன். தங்கையும் இருந்தாள் என்று சொன்னால் போதும். ஆனால் அவள் தானே எடுத்தது என்ற கதை உடைந்து, அவன் படம் அங்கேயே செத்துவிடும்.

“கேமரா புடிச்சது யாருன்னு சொல்லுடா,” என்றாள் சாந்தினி.

அந்தப் படுபாவி அவளைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்தான்.

“நீதான்லா. உன் போன்லதானே எடுத்த.”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. யோகேஸ்வரி கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். லோகேஸ்வரன் ஒரு நிமிடம் நின்றான், பிறகு அம்மா பின்னால் போனான். ரூபேந்திரன் விளக்கை அணைத்துவிட்டுப் படத்தைப் போட்டான்.