மனுதாரரும் எதிர்மனுதாரரும் ஒரே வீட்டில்

அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சரில் கிடந்த என்னைப் பார்த்துத்தான் அந்த இளம் டாக்டர் கேட்டார், எப்படி நடந்தது என்று. பதில் சொன்னது என் அண்ணன். "நாய் ஒண்ணு குறுக்க வந்துடுச்சு சார்." டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். என் இடது முழங்காலைச் சுற்றி என் துப்பட்டாவையே இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதன் நிறம் என்னவென்று அடையாளம் தெரியாத அளவுக்கு நனைந்திருந்தது. அந்த வலியிலும் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நாங்கள் விழுந்த சாலையில் நாயே இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் பெங்களூரில் ஆஸ்டின் டவுனில் இருந்தோம். அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேர். அப்பா இறந்தபிறகு அண்ணன்தான் வீட்டைத் தூக்கி நிறுத்தியவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஒரு பெரிய தொழிற்சாலையில் ஊழியர்களை ஏற்றிச்செல்லும் பஸ்ஸின் டிரைவர். நான் அடுகோடியில் ஒரு கார்மெண்ட்ஸில் மெஷின் ஆபரேட்டர், சட்டைக் காலர் தைப்பவள். தினமும் காலையில் அவர் ஸ்கூட்டரில் என்னை வாசலில் இறக்கிவிட்டுத் தன் ஷெட்டுக்குப் போவார். இதை எழுதும்போது 'அவர்' என்று மரியாதையாகத்தான் வருகிறது. அந்த விபத்துக்குப் பிறகு வந்த நான்கு வருடங்களும் மனதுக்குள் 'அவன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று கிளம்பத் தாமதமானது என்னால்தான், அதை மறைக்கவில்லை. வழியெல்லாம் அவர் திட்டிக்கொண்டே வந்தார். டெலிபோன் கேபிளுக்காகச் சாலையோரம் நீளமாகப் பள்ளம் தோண்டி, வெட்டியெடுத்த கல்லையும் மண்ணையும் அங்கங்கே குவித்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு டவுன் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. பஸ்ஸுக்கும் பள்ளத்துக்கும் நடுவே இருந்த சந்தில் வண்டியை நுழைத்தார். "வேணாண்ணா, நில்லு" என்று நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் நிற்கவில்லை. முன்சக்கரம் ஜல்லியில் வழுக்கியது. ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த என் கால்கள் இரண்டும் இடதுபுறம் தொங்கிக்கொண்டிருந்தன. வண்டி அந்தப் பக்கமே சாய்ந்தது. காலுக்குக் கீழே கற்கள், மேலே ஸ்கூட்டர். பஸ் எதுவும் தெரியாமல் போய்விட்டது. அண்ணனுக்கு முழங்கையில் மட்டும் சிராய்ப்பு.

சாயங்காலம் ஒரு கான்ஸ்டபிள் வந்தார். அவரிடமும் அண்ணன் நாயைப் பற்றிச் சொன்னார். கான்ஸ்டபிள் என் பக்கம் திரும்பி, அப்படித்தானா என்று கன்னடத்தில் கேட்டார். நான் தலையாட்டினேன். காகிதத்தில் கையெழுத்தும் போட்டேன். டிரைவராக வேலை பார்ப்பவர் மேல் போலீஸ் கேஸ் வந்தால் வேலைக்கே ஆபத்து என்பது எனக்கும் தெரியும். அதோடு என்னைக் கைகளில் அள்ளி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர். கொஞ்ச நாளில் கால் சரியாகிவிடும், பிறகு இதையெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள் என்று அப்போது நினைத்தேன்.

கால் சரியாகவில்லை. எலும்பு கூடியது, முழங்கால் மட்டும் கதவுத் தாழ்ப்பாள்போல விறைத்து நின்றுவிட்டது. மூன்றாம் மாதம் கார்மெண்ட்ஸுக்குப் போனேன். வரிசையாக நெருக்கிப் போட்ட மெஷின்களுக்கு அடியில் மடங்காத காலை வைக்க இடமில்லை. வெளியே நீட்டினால் துணிக்கட்டு தூக்கிப்போகிறவர்கள் தடுக்கி விழுவார்கள். சூப்பர்வைசர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மடங்கினபிறகு வரச் சொன்னார். இன்னொரு ஆபரேஷன் செய்தால் ஓரளவு மடங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு வீட்டில் வழியில்லை.

எங்கள் சர்ச்சுக்கு வருகிற ஒரு வக்கீலம்மாதான் நஷ்டஈடு பற்றிச் சொன்னார். ஸ்கூட்டருக்குப் பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ் கட்டியிருந்ததால், கொடுக்கவேண்டியது கம்பெனிதான், அண்ணன் கையிலிருந்து எதுவும் போகாது. ஆனால் நாய் குறுக்கே வந்தது என்றால் அது யார் தப்பும் இல்லை. அப்படியென்றால் சட்டம் தருவது மிகச் சின்னத் தொகை. வேலை போனதற்கும் ஆபரேஷனுக்கும் சேர்த்துக் கேட்கவேண்டுமென்றால், வண்டி ஓட்டியவர் கவனக்குறைவாக ஓட்டினார் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு நான் போலீஸில் புகார் கொடுக்க வேண்டும். யார் மேல் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாளே ஸ்டேஷனுக்குப் போனேன். வக்கீலம்மா நஷ்டஈட்டுக்கு மனுவும் போட்டார். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சில வாரங்கள் கழித்து, கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் கொண்டுவந்த ஆள் வாசலில் நின்று காகிதத்தை இரண்டு முறை படித்தார். மனுதாரரான எனக்கும் முதல் எதிர்மனுதாரரான அண்ணனுக்கும் ஒரே கதவு எண். "இப்பரூ ஒந்தே மனெயா?" என்றார், இரண்டு பேரும் ஒரே வீடா என்று. அண்ணன் கையில் சாப்பாட்டுத் தட்டு இருந்தது. தட்டைக் கீழே வைத்து, கை கழுவி, கையெழுத்துப் போட்டு வாங்கினார். அதற்கு முன்பே போலீஸ் அவரைக் கூப்பிட்டு விசாரித்திருந்தது. என்னிடம் அவர் ஒன்றும் பேசவில்லை. அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்: "என் லைசென்ஸ் போச்சுன்னா இந்த வீட்டுல அடுப்பு எரியாது. உன் பொண்ணுக்கு அது தெரியுமான்னு கேளு."

அன்றிலிருந்து நான் 'உன் பொண்ணு', அவர் 'உன் பிள்ளை'. நடுவில் அம்மா. அம்மா அவர் பக்கம்தான் நின்றார். கூடப்பிறந்தவன் மேல் கேஸ் போட்டவளுக்குக் குழம்பு ஊற்றும்போது அம்மாவின் கரண்டிச் சத்தமே வேறாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள், நான் தூணுக்குப் பின்னால். தெருவில் பெண்கள் என் காலைப் பார்த்துப் பரிதாபப்பட்டுவிட்டு, நான் நாலு அடி நகர்ந்ததும் என் கேஸைப் பேசினார்கள். எனக்கும் பிடிவாதம் ஏறியது. அவர் காலையில் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டாலே பல்லைக் கடிப்பேன். அந்த வண்டி பழுதாகி நின்ற ஒருநாள் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் அண்ணனைத் தேடி அவருடைய ஷெட்டுக்கே போனார் என்று பிறகு தெரிந்தது. நாய் குறுக்கே வந்ததைக் கோர்ட்டில் வந்து சொன்னால் போதும், உங்கள் மேல் இருக்கிற போலீஸ் கேஸும் தானாகவே பலமிழந்துவிடும் என்றிருக்கிறார். அண்ணன் சம்மதித்தார். அதாவது என் சொந்த அண்ணன், எனக்கு எதிராகக் கம்பெனியின் சாட்சி.

விசாரணைகள் தள்ளித்தள்ளிப் போய், மூன்றாம் வருடம் என் முறை வந்தது. கம்பெனி வக்கீல் குரலை உயர்த்தாமல் பேசுபவர். மூன்று மாதம் ஏன் புகார் கொடுக்கவில்லை என்றார். அன்று ஆஸ்பத்திரியில் நாய் என்று கையெழுத்துப் போட்டது யார் என்றார். நான்தான் என்றேன். அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா என்றார். அன்று சொன்னது என்றேன். பிறகு அவர் கேட்டதுதான் இன்னமும் எரிகிறது. நீயும் உன் அண்ணனும் ஒரே வீட்டில் ஒரே பானையில் சாப்பிடுகிறீர்கள், இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு கம்பெனியை ஏமாற்றப் பார்க்கிறீர்கள் என்றார். அண்ணன் முகத்தை நான் கிட்டத்தட்ட மூன்று வருடமாக நேராகப் பார்த்ததில்லை என்பதை எந்தக் காகிதத்தைக் காட்டி நிரூபிப்பது?

அண்ணன் சாட்சி சொன்ன நாளில் இரண்டு பேரும் ஒரே ஸ்டாப்பில் நின்று ஒரே பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். வேலைக்குப் போட்டுக்கொள்ளும் காக்கியை விட்டுவிட்டு, ஈஸ்டருக்குத் தைத்த வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். பஸ் வந்ததும் நான் முன்வாசலில் பெண்கள் பக்கம் ஏறினேன், அவர் பின்வாசலில். படிக்கட்டில் என் கால் சிக்கித் தடுமாறியபோது யாரோ முன்பின் தெரியாத ஒரு அம்மாள் கை கொடுத்தார்.

கூண்டில் ஏறிக் கடவுள் பெயரால் சத்தியம் செய்துவிட்டு, அண்ணன் கன்னடத்தில் தொடங்கினார். எங்களுக்கெல்லாம் கன்னடம் தமிழ்போலத்தான் வரும். பழுப்பு நிற நாய், காது ஓரம் வெள்ளை, வலதுபக்கமிருந்து பாய்ந்தது, பிரேக் அடித்தேன் என்றார். ஒரு இடத்தில்கூட நாக்குத் தடுக்கவில்லை. கேட்கக் கேட்க, இல்லாத அந்த நாய் எனக்கே கண்ணில் தெரிய ஆரம்பித்தது. இனி எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

வக்கீலம்மா எழுந்தார். நாயைப் பற்றி அதட்டிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாய்ப் பேச்சையே எடுக்கவில்லை. பஸ் எந்தப் பக்கம் இருந்தது, பள்ளம் எந்தப் பக்கம் என்று சாதாரணமாக விசாரித்துக்கொண்டே வந்தார். அண்ணனும் சாதாரணமாகவே பதில் சொன்னார். பிறகு கேட்டார், விழுவதற்கு முன்னால் பின்னாலிருந்த உங்கள் தங்கை ஏதாவது சொன்னார்களா என்று.

கம்பெனி வக்கீல் தலை நிமிர்ந்தார். ஜட்ஜ் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். அந்த மூன்று வருடத்தில் முதல்முறையாக அண்ணன் என்னைப் பார்த்தார்.

"வேணாண்ணா, நில்லுன்னு சொன்னா" என்றார். அதுவரை கன்னடத்தில் வந்துகொண்டிருந்த பேச்சு, அந்த ஒரு வரி மட்டும் தமிழில் வந்தது, நான் சொன்ன அதே வார்த்தைகளில். ஜட்ஜுக்குப் புரியவில்லை. வக்கீலம்மா மொழிபெயர்த்துவிட்டு, எதை வேண்டாம் என்றார்கள் என்று கேட்டார். அண்ணன் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு இடதுபக்கம் நுழைய வேண்டாம் என்று சொன்னாள், நான் கேட்கவில்லை என்றார்.

வெளியே வராந்தாவில் அவர் வேகமாக நடந்துபோனார். நான் காலை இழுத்துக்கொண்டு பின்னால் போய் வழிமறித்தேன். ஏன் இப்போது சொன்னாய், இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நன்றியில் கேட்டதில்லை அது. சண்டைக்குத்தான் கேட்டேன். அவரும் சண்டைக்காரராகவே பதில் சொன்னார்.

"அந்தம்மா கேட்டாங்க, சொன்னேன். நீ எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? நேரா ஸ்டேஷனுக்குப் போன."

"நீயா வந்து சொல்லுவேன்னு மூணு மாசம் பாத்தேன்."

"நீ கேப்பன்னு நானும் பாத்தேன்" என்றார். பின் விலகிப் படியிறங்கிப் போய்விட்டார்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. போலீஸ் கேஸில் அண்ணன் தப்பை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். தொழிற்சாலையில் வேலையைவிட்டு அனுப்பவில்லை, பஸ்ஸை மட்டும் பறித்துவிட்டார்கள். ஷெட்டில் டயர் கணக்கு எழுதும் ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். இருபது வயதிலிருந்து ஸ்டியரிங் பிடித்த மனிதர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நான் ஜெயித்ததை அந்த வீட்டில் யாரும் ஜெயித்ததாகப் பேசவில்லை. நான் அல்சூரில் தனியாக ஒரு அறை பார்த்துப் போய்விட்டேன். வீட்டிலேயே உட்கார்ந்து ரவிக்கை தைத்துக்கொடுத்தேன்.

அவர்மேல் எனக்கு இருந்த கோபம் தீர்ந்துவிட்டதாகச் சொன்னால் அதுவும் கோர்ட்டில் சொல்லும் பொய்தான். அன்று அந்தச் சந்தில் வண்டியை நுழைத்ததைக்கூட மன்னித்துவிடலாம். வருடக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து அந்த நாயை வளர்த்துக்கொண்டிருந்தாரே, அதை எப்படி மன்னிப்பது? ஆனால் இப்போது வயதாக ஆக, வராந்தாவில் அவர் கேட்ட கேள்வியும் கூடவே வந்து நிற்கிறது. நான் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டிருக்கலாம்.

ஈட்டுத்தொகை கைக்கு வந்தபிறகு இரண்டாவது ஆபரேஷனுக்குப் போனேன். நெருங்கிய உறவினர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அம்மாவை வரச்சொல்லி ஆளனுப்பினேன். வந்தது அம்மாவும் அண்ணனும். என்னைத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது மறுபக்கம் அவர் குரல் கேட்டது, எவ்வளவு நேரமாகும் என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. மயக்கம் தெளிந்தபிறகு வார்டு ஆயா சொன்னார், ஒருத்தர் காலையிலிருந்து தியேட்டர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், உங்களை வெளியே கொண்டுவந்ததும் எழுந்து போய்விட்டார் என்று.

அம்மா பக்கத்தில்தான் இருந்தார். நாளைக்கு உன் பிள்ளை வர வேண்டாம் என்று சொல்லிவிடு என்றேன். அம்மா அதை அப்படியே போய்ச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் அண்ணன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நான் வேண்டாம் என்று சொன்னதை, அன்று மட்டும் அவர் கேட்டிருக்க வேண்டாம்.