மூண்டாவது உருப்படி

கேதீஸ்வரி அக்காவின்ரை லப்டொப் மாதிரி நான் கதைச்சுக் காட்டினா எங்கடை ஒழுங்கைச் சனமே சிரிக்கும். மூக்காலை, மூச்சு விடாமல், உயிரில்லாத குரலிலை: "தலைப்பு. மரண அறிவித்தல். பட்டியல். ஐந்து உருப்படிகள்." அக்காவும் சிரிப்பா. "இன்னும் வேகமாச் சொல்லடி, உந்த வேகத்திலை நான் நித்திரையாப் போடுவன்" எண்டுவா.

அவவுக்குப் பள்ளிக்கூடம் போற வயசிலை கண் மங்கத் தொடங்கி, பிறகு முழுசாப் போட்டுது. திரையிலை கிடக்கிறதை லப்டொப்தான் அவவுக்கு வாசிச்சுச் சொல்லும். கொடிகாமத்திலை ஒரு சங்கத்திலை ரெலிபோன் எடுக்கிற வேலை. விடிய எழும்பி ஹெட்செட்டைக் கொழுவினா, முதல் வேலை இன்ரநெற்றிலை மரண அறிவித்தல் போடுற பக்கத்தைத் திறக்கிறது. உலகம் முழுக்க எங்கடை சனம் சாக, இவ கொடிகாமத்திலை இருந்து கேட்டுக்கொண்டிருப்பா.

கண் தெரிஞ்ச நாங்கள் முதல்லை படத்தைப் பாப்பம். அவ ஒரு எழுத்தை அமத்துவா, மெசின் பட்டியல் பட்டியலாப் பாயும். பிள்ளையள், மருமக்கள், பேரப்பிள்ளையள். பேர் வாசிக்க முன்னம் எத்தினை பேர் எண்டு சொல்லும். அந்தத் தொகை காணும் அக்காவுக்கு.

"மருமக்கள் நாலாம். உந்த வீட்டிலை அஞ்சு பேரும் கலியாணம் கட்டினதெல்லோ? ஒண்டை வெட்டிப்போட்டினம்!"

உடனை வெட்டுப்பட்ட ஆளுக்கு ரெலிபோன். குரலிலை சீனிப்பாணி வடியும். "தம்பி, மாமாவின்ரை அறிவித்தல் பாத்தனீங்களோ? உங்கடை பேர் எங்கையும் கேக்கேல்லை. என்ரை காதிலைதான் பிழையோ தெரியேல்லை." அந்தாளின்ரை மூச்சு மாறுறதைக் கேட்டுப்போட்டுத்தான் வைப்பா. எங்கடை பக்கம் செத்தவீட்டுக்கு வராட்டிலும் மன்னிப்பினம். அறிவித்தலிலை பேர் விடுபட்டா, பிறகு சாகும்வரை கதை இல்லை. அது தெரிஞ்சுதான் அவ எடுக்கிறது.

அக்காவின்ரை தகப்பன் தம்பிஐயா போன செவ்வாய்க்கிழமை செத்துப்போனார். படுக்கையிலை கிடந்த மனுசனைத் திருப்பிப் போட்டு, புண் கழுவி, கஞ்சி பருக்கினது எல்லாம் இவதான். தமையன் சயந்தன் ரொறன்ரோவிலை, தமக்கை கமலாவதி லண்டனிலை. ரெண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமையிலை வீடியோவிலை வருவினம். "அப்பாவைக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லு பிள்ளை" எண்டுவினம்.

அறிவித்தல் போட்டது சயந்தன். அடுத்தநாள் முத்தத்திலை பந்தல் போட்டுக்கொண்டிருக்க, அக்கா அறைக்குள்ளை என்னைக் கூப்பிட்டா. ஹெட்செட்டைக் கழட்டிப்போட்டு மெசினைச் சத்தமா விட்டா.

"பட்டியல். மூன்று உருப்படிகள். சயந்தன், கனடா. கமலாவதி, லண்டன். வெற்று. பட்டியல் முடிவு."

திருப்பி விட்டா. அதே வெற்று.

"அடியே, நீ உன்ரை கண்ணாலை பார். பிள்ளையள் எத்தினை பேர் கிடக்கு?"

"ரெண்டு பேர் அக்கா."

"அதுக்குக் கீழை?"

"ஒண்டும் இல்லை. வெள்ளையாக் கிடக்கு."

"உனக்குத்தான் வெள்ளை. எனக்கு அதிலை ஒராள் இருக்கு."

பிறகுதான் எனக்கு விளங்கிச்சு. எழுதின பேரை மட்டும் அழிச்சா, அது இருந்த வரி பட்டியலுக்குள்ளை அப்பிடியே கிடக்கும். பாக்கிற கண்ணுக்குப் பிடிபடாது. மெசின் அந்த வெறும் வரியையும் ஆளாத்தான் கணக்கெடுக்கும்.

அக்கா ரொறன்ரோவுக்கு வீடியோ எடுப்பிச்சா. சயந்தன் அண்ணை அழுகையும் இங்கிலிசுமா வந்தார்.

"பிள்ளை, ஐ ஆம் சொறி, ஓகே? அப்பா போன உடனை எனக்குத் தலை வேலை செய்யேல்லை. உன்ரை பேரைப் போட மறந்து போனன்."

"மறந்தனீங்களோ, எழுதிப்போட்டு அழிச்சனீங்களோ?"

"மறந்ததெண்டுறன், பிறகென்ன?"

"மறந்தா ரெண்டெண்டு சொல்லும் அண்ணை. உது மூண்டெண்டு சொல்லுது. அழிச்சது ஆர்?"

பின்னுக்கு இருந்து அவரின்ரை பெண்சாதி உதயகலா கீச்சிட்டா: "உள்ளதைச் சொல்லுங்கோவன்! எங்கடை மகள் சாருஜாவுக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடக்குது. அத்தைக்குக் கண் தெரியாது, பரம்பரையோ எண்டு மாப்பிள்ளை வீட்டார் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"கலியாணம் ஒப்பேறட்டும் பிள்ளை," எண்டு குழைஞ்சார் சயந்தன் அண்ணை. "முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலியிலை உன்ரை பேரை முதலாவதாப் போடுறன். நாளைக்குச் செத்தவீடு லைவ் போகேக்கையும் கமெராவுக்குக் கிட்ட வராதை, என்ன? மாப்பிள்ளை வீட்டாரும் பாப்பினம்."

"அது இருக்கட்டும். பிழையைத் திருத்துங்கோ."

"ஓம், ஓம். இப்பவே திருத்துறன்."

திருத்தினார்தான். நாங்கள் தேத்தண்ணி குடிச்சு முடிய அக்கா பக்கத்தைத் திருப்பித் திறந்தா.

"பட்டியல். இரண்டு உருப்படிகள். சயந்தன், கனடா. கமலாவதி, லண்டன். பட்டியல் முடிவு."

வரியையும் தூக்கிப்போட்டார்.

அக்கா அழேல்லை. லப்டொப்பை மூடிப்போட்டு, "இப்ப பிழையில்லாமல் வாசிக்குது" எண்டா. அந்தக் குரலை என்னாலை இண்டுவரை செய்து காட்ட ஏலாமல் கிடக்கு.

அடுத்தநாள் வீடியோக்காரன் பெட்டியின்ரை தலைமாட்டிலை கமெராவைப் பூட்டினான். அக்காவைப் பின்சுவரோடை இருத்தச் சொல்லி அவனுக்கும் கனடாவிலை இருந்து கட்டளை. இருந்தவதான். ஐயர் கிரியை முடிச்சு, வாய்க்கரிசிக்குப் பொம்பிளையளைக் கூப்பிட்ட உடனை என்ரை கையைப் பிடிச்சா.

"தலைமாட்டுக்குக் கொண்டு போ."

கொண்டு போனன். அரிசியைப் போட்டா. கறுப்புக் கண்ணாடியைக் கழட்டி என்னட்டைத் தந்தா. வெள்ளை பூத்த ரெண்டு கண்ணையும் நேரை கமெராப் பக்கம் வைச்சுக்கொண்டு கேட்டா:

"தம்பி, லைவ் போகுதோ?"

"ஓம் அக்கா. ஆனா நீங்கள் கொஞ்சம் தள்ளி..."

அக்கா நெஞ்சிலை அடிச்சு ஒப்பாரி எடுத்தா. "என்ரை ஐயா! மூத்தவன் கனடாவிலை, அடுத்தவள் லண்டனிலை! கடைசிக் குருடி நான் கேதீஸ்வரிதானே உங்களைக் கழுவித் துடைச்சனான்! ஐயோ, உங்கடை பேத்தி சாருஜாவும் என்னைப் போலை பொழுதுபட்டாத் தடவித் தடவி நடக்கிறாளாமே! அவளை ஆர் ஐயா பாப்பினம்!"

பச்சைப் பொய். சாருஜாவுக்கு ஒரு கண்ணாடி கூட இல்லை. வீடியோவிலை அரிசிக்குள்ளை கல்லுக் கிடக்கெண்டு சொல்லுவாள், அவ்வளவு கூர். அக்காவோடை எப்பவும் அன்பா, வாரப்பாடாக் கதைக்கிற பிள்ளையும் அவள் ஒருத்திதான்.

வீடியோக்காரன்ரை பொக்கற்றுக்குள்ளை ரெலிபோன் துடிச்சுது, கனடாவாத்தான் இருக்கும். நிண்டு, திருப்பியும் துடிச்சுது. அக்கா அந்தச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினா, சாருஜாவின்ரை பேரைச் சொல்லி இன்னும் பலத்து அழத் தொடங்கினா.