டீச்சருக்கு எட்டிய பரிசு

மண்சரிவில் ரோடு அடைபட்டு, போன வருடம் பாதி நாள் பள்ளி பூட்டியே கிடந்தது. டீச்சர் கம்போங் ராஜா டவுனில் தன் வீட்டிலிருந்தே போனில் பாடம் நடத்தினார். எங்கள் எஸ்டேட்டில் தேயிலை மலை உச்சியில்தான் போன் லைன் கிடைக்கும். பிள்ளைகளை அங்கே பழைய பலகையில் உட்கார வைத்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே கொழுந்து பறிப்போம்.

வருடக் கடைசியில், டீச்சருக்குப் பரிசு கொடுக்கலாமா என்று பேச்சு வந்தது.

"ஸ்கூலே பூட்டிக் கிடந்துச்சு, என்ன பரிசு?" என்றாள் பக்கத்து வீட்டு சாந்தி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பூட்டிக் கிடந்தது ஸ்கூலு. டீச்சர் இல்ல லா!"

டீச்சரோ, "எதுவும் வாங்காதீங்கக்கா" என்று சொல்லிவிட்டார்.

"அப்ப பிள்ளைங்க படிச்ச இடத்தையாவது வந்து பாருங்க டீச்சர்" என்றேன். ரோடு சரியானதும் வந்தார்.

மூச்சு வாங்க மேலே ஏறியவர், பலகையில் வரிசையாக இருந்த பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு, போனில் கேட்பது போலவே கேட்டார்.

"எட்டு ஏழு எவ்வளவு?"

பிள்ளைகள் வாய் திறக்குமுன் கீழே தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து பெண்கள் மொத்தமாகக் கத்தினார்கள்: "அம்பத்தாறு டீச்சர்!"

சாந்தி குரல்தான் பெரிதாகக் கேட்டது.

"ஐயோ, எனக்கு இத்தனை பிள்ளைங்களா!" என்று டீச்சர் சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இப்போது யாராவது உன் டீச்சர் யார் என்று கேட்டால், நிமிர்ந்து நின்று சொல்ல எனக்கும் ஒரு பெயர் இருக்கிறது.